கடைசிப் பேரு

கூப்பிடுவோம்னு சொன்னா அந்த ஹெச்ஆர் பொண்ணு. உக்காருங்க, பேரு சொல்லிக் கூப்பிடுவோம்னா. காலையில இன்டர்வியூவுக்கு வந்ததும் சொன்ன வார்த்தை அது. இப்ப சாப்பாட்டு நேரமும் தாண்டியாச்சு, இந்த நீலக் கலர் நாற்காலி என் முதுக அளவெடுத்து முடிச்சாச்சு, இன்னும் கூப்பிடக் காணோம். ஏசிய வேற இப்படி வச்சிருக்கான், ஐஸ் போட்ட மீன் பெட்டிக்குள்ள உக்காந்திருக்க மாதிரி இருக்கு. வெளிய ஒரகடம் ரோடு கொதிக்குது, உள்ள கை வெறைக்குது. எதுத்த சுவத்துல ஒரு படம். மஞ்சத் தொப்பி போட்ட ஒருத்தி பல்லக் காட்டிக்கிட்டு ஸ்பேனர் பிடிச்சிருக்கா. பிடிச்சிருக்க லட்சணத்தப் பாரு, வாய்ப் பக்கத்தக் கையில வச்சுக்கிட்டு வால் பக்கத்த நட்டுல நீட்டுதா. இவளுக்கு வேலை குடுத்துட்டான், எனக்கு நாற்காலி. படத்துக்குக் கீழ, உங்கள் கனவுகளுக்கு நாங்கள் எந்திரம்னு எழுதியிருக்கான். இருப்பீங்க, இருப்பீங்க. ஆன்லைன் பரீட்சை ஒண்ணு, அது முடிஞ்சு குரூப் டிஸ்கஷன், அதுவும் முடிஞ்சு நம்ம மூஞ்சிய நாமளே போன்ல பாத்துப் பேசி வீடியோ அனுப்பணுமாம். அதுல ஒரு கேள்வி, நீங்கள் ஒரு இயந்திரமாக இருந்தால் எந்த இயந்திரமாக இருப்பீர்கள். என்ன கேள்வி இது. மெக்கானிக்கல் படிச்சது மெஷினப் பத்திச் சொல்லத்தான, மெஷினாவே ஆகிக் காட்டணுமா. மத்தவன்லாம் ரோபோன்னு சொல்லியிருப்பான். நான் அடிபம்புன்னு சொன்னேன். அடிக்க அடிக்கத் தண்ணி குடுப்பேன், கோவிச்சுக்கிட மாட்டேன்னு சொன்னேன். பொய்தான். கோவம் வராத அடிபம்பா நானு. ஆனா அதக் கேட்டுச் சிரிச்சுத்தான் எவனோ இந்த ரவுண்டு வரைக்கும் அனுப்பி வச்சிருக்கணும்.

கதவு தொறந்து ஹெச்ஆர் பொண்ணு வாரா, கையில பெரிய போன் கணக்கா டேப், கழுத்துல கம்பெனி பேரு போட்ட நாடா. மிஸ்டர் கோவிந்தராஜ்ங்கா. மீசை கூட ஒழுங்கா மொளைக்காத பையன் ஒருத்தன் எந்திரிச்சுப் போறான். அவனுக்கு முன்னால மிஸ்டர் பெருமாள்சாமி போனான், அதுக்கும் முன்னால மிஸ்டர் வெள்ளையன். ஏயப்பா, எங்க இருந்து பிடிச்சாங்க இவனுகள. எங்க கிளாஸ்ல எல்லாம் நித்தீஷும் ஹரீஷுமாத்தான் இருந்தானுக. இந்தக் காலத்துல பிள்ளைக்கு வெள்ளையன்னு பேரு வச்சவர் யாரோ, அவரப் பாத்தா கும்பிடணும். பொம்பளப் பிள்ளைன்னு பாத்தா இந்த ஹால்ல நான் ஒருத்திதான், சுவத்துல இருக்கவள விட்டுட்டா. ஹெச்ஆர் பொண்ணு மறுபடி வெளிய வந்து, மிஸ்டர் ஷுடாலா முட்டோங்கா. யாரும் எந்திரிக்கல. ஜப்பான்காரன் போல. இந்த ரோடு பூரா ஜப்பான் கம்பெனி போர்டாத்தான் இருக்கு, பஸ்ல வரும்போதே பாத்தேன். பெரிய சார் எவனாச்சும் வரானோ என்னமோ, வந்தா குனிஞ்சு கும்பிடணுமோ. ரெண்டாவது தரம் கூப்பிட்டா. பக்கத்துல இருந்தவன் என்னையப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். மூணாவது தரமும் கூப்பிட்டா. முட்டோ வரல. பாரேன், வா வான்னு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுதா, வராம இருக்கான். கொழுப்பெடுத்தவன். எங்கயாச்சும் பெரிய எடத்துல கெடைச்சிருக்கும், இத மதிக்காமப் போயிருப்பான். அவனக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை வத்துது, வந்து உக்காந்திருக்கவள ஏறெடுத்துப் பாக்க ஆளக் காணோம். டேப்ல என்னமோ தட்டிட்டு உள்ள போயிட்டா. என் பேரு வரல.

சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். எங்க ஊரு ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் அம்மா நேத்தே எங்கம்மைகிட்டச் சொல்லியிருக்கா, பிசிக்ஸ் மிஸ் எடம் காலியா இருக்கு, ஒங்க பிள்ள வாரதுன்னா திங்கக்கிழமையே சேந்துரலாம், இல்லன்னா வேற ஆளு போட்டுருவேன்னு. எங்கம்மைக்கு அது தேன். வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூலு, சேலை கட்டிக்கிட்டுப் போகலாம், நாலு பேரு மிஸ்னு சொல்லுவாங்க. பொம்பளப் பிள்ளைக்கு ஷாப் ஃப்ளோர்ல, மெஷினுகளுக்கு நடுவுல என்ன வேலைங்கா. நான் படிக்கப் போகும்போதும் இதையேதான் கேட்டா. பதில் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. எனக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கது கேவலம்னு இல்ல. ஆனா மெஷின் ஓடுத சத்தம் கேக்கணும், அந்தக் கூலன்ட் வாடை மூக்குல ஏறணும், நான் போட்ட டிராயிங்குல ஒரு பாகம் சூடா வெளிய விழணும், அதத் தொட்டுப் பாக்கணும். அதுக்காகத்தான் படிச்சேன். இவன் விளம்பரத்துல போட்டிருக்கான், இந்த வருஷம் முடிச்சவுக, போன வருஷம் முடிச்சவுக மட்டும்தான் டிரெய்னீன்னு. நான் போன வருஷம். இதுல விட்டா அடுத்த தரம் எனக்கு விண்ணப்பம் போடவே வழி கெடையாது. புதுசும் இல்ல, பழசும் இல்ல. வேலை பாத்த அனுபவம் இருக்கான்னு கேப்பான், இல்லம்பேன். அப்ப புதுசான்னு கேப்பான், அதுவும் இல்லம்பேன். தயிருமில்லாம மோருமில்லாமத் திரிஞ்சு போன பாலு. ஒரு வருஷத்துல என் மூளையில அப்படி என்னடா கெட்டுப் போயிருச்சு, சொல்லுங்களேன். நியூட்டன் விதிய மாத்திட்டாங்களா. பல்சக்கரத்துக்குப் பல்லு விழுந்துருச்சா. பரீட்சையில மட்டும் என்னத்தக் கேட்டுக் கிழிச்சான், தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான்கு மடங்கு. எப்பப் பாத்தாலும் தந்தையும் மகனும். ஒரு கணக்குலயாச்சும் மக வந்திருக்காளா. எத்தனை கம்பெனிக்கு எழுதியாச்சு, எல்லாத்துலயும் அந்த அப்பனும் மகனும் வயசாகிக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்கு ஒரு பொம்பளப் பிள்ள பொறக்கவே இல்ல.

பக்கத்துல இருக்கவன் போடிநாயக்கனூர்க்காரன், பேரு ஆதவன். வந்ததுல இருந்து ஷூவப் பாத்துக்கிட்டே இருக்கான். மாமா ஷூவாம், ஒரு சைசு பெருசு. நடந்தா டக்கு டக்குன்னு கேக்கும்ங்க, பயமா இருக்குன்னான். நான் சிரிச்சேன். பயமாத்தான் இருக்கு எனக்கும், சிரிச்சது பயத்துலதான். நம்ம பேரு பேச்சிசெல்வி, ஆனா நாலு பேரு முன்னால வாயத் தொறக்கச் சொன்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும். ஹெச்ஓடி கிண்டல் பண்ணுவாரு, பேச்சின்னு பேரு வச்சுக்கிட்டு பேச மாட்டேங்கியே, ஒங்க சாமிகிட்டக் கேட்டு வாங்கிட்டு வாம்பாரு. இப்பயும் அந்தப் பொண்ணுகிட்டப் போயி, எப்ப என்னையக் கூப்பிடுவீங்கன்னு கேக்கத்தான் மூணு தரம் எந்திரிச்சேன். மூணு தரமும் தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காந்தேன். அவசரக்காரின்னு நெனச்சுருவாளோ. கேட்டாத் தப்பு, கேக்காட்டி கம்யூனிகேஷன் பத்தலங்கது. கதவு தொறக்குது. மிஸ்டர் மாயாண்டி. ஆதவன் எந்திரிச்சு சட்டைய இழுத்து விடுதான். இவன் எங்க போறான், அவ மாயாண்டியத்தான கூப்பிட்டா. ஒங்க பேரு ஆதவன்னுதான சொன்னீங்கன்னேன். மாயாண்டி எங்கப்பாங்க, இங்க கடைசிப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே டக்கு டக்குன்னு போயிட்டான். அப்பாவா. அப்ப அந்தப் பெருமாள்சாமி. கோவிந்தராஜ். வெள்ளையன். எல்லாம் அப்பாமாரு. காலையில இருந்து இங்க வேலைக்கு எங்க அப்பாமாரத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அப்ப என் அப்பா. என் அப்பா பேரு சுடலைமுத்து. சுடலை. ஷுடாலா. முத்து. முட்டோ. ஐயோ சாமி. ஐயோ சுடலைமாடா. அது ஜப்பான்காரன் இல்ல. எங்கப்பா.

விண்ணப்பத்துல இருந்த அந்தக் கட்டம். எல்லாம் அந்தக் கட்டத்தால வந்தது. முதல் பேரு ஒரு கட்டம், கடைசிப் பேரு ஒரு கட்டம், கடைசிப் பேரப் போடாம நகர விடமாட்டான். எனக்கு ஏதுடா கடைசிப் பேரு. எனக்கு இருக்கது ஒரு பேரு, அதுக்கு ஒரு இனிஷியல். சர்ட்டிபிகேட்ல பேச்சிசெல்வி எஸ்னு இருக்கு. எஸ்ஸுன்னு போட்டா செவப்புல எழுத்து வரும், சரியான பெயரை உள்ளிடவும். எஸ்ஸு சரியான பேரு இல்லையாம். பொறந்ததுல இருந்து அதத்தான் முன்னாலயோ பின்னாலயோ தூக்கிக்கிட்டு அலையுதேன். போன வருஷம் ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு, பேச்சிய முதல் கட்டத்துலயும் செல்விய ரெண்டாவது கட்டத்துலயும் பிச்சுப் போட்டேன். எல்லா ரவுண்டும் தேறி, வேலைன்னும் சொல்லியாச்சு. கடைசியில சான்றிதழ் சரிபாக்கும்போது, பேச்சியும் பேச்சிசெல்வியும் ஒரே ஆளுன்னு நிரூபிங்கன்னான். நிரூபிக்கதுக்குள்ள அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டான். அதனாலதான் இந்தத் தரம் ஒழுங்குப் பிள்ளையா அப்பா பேர முழுசா அடிச்சு வச்சேன். அடிச்சத மறந்தும் போனேன். என் கூடப் படிச்ச மெர்சிட்டா ரொட்ரிகோவுக்கு இந்தப் பாடே கெடையாது. என்னிக்கோ கப்பல்ல வந்த ஒருத்தன் தூத்துக்குடி கடக்கரையில விட்டுட்டுப் போன பேரு, அது அவள நேரா உள்ள கொண்டு போயி உக்கார வச்சிரும். அவ நல்லா இருக்கட்டும். ஆனா எங்களுக்குப் பின்னால ஒட்டிக்கிட ஒரு பேரு வேணும்னா என்ன இருக்கு? சாதி இருக்கு. அதத்தான் எங்க தாத்தனுக்கும் முன்னாலயே பேருல இருந்து அத்துப் போட்டாச்சு. வேற ஊர்ல இன்னும் சுமந்துக்கிட்டுத் திரியுதான், நாங்க எறக்கி வச்சுட்டோம், அது எங்களுக்குப் பெருமை. இவன் ஒரு கட்டத்தப் போட்டு, எங்க ஒன் வாலக் காட்டுன்னு கேக்கான். வால் இல்லாததுக்கு அப்பனக் கூப்பிடுதான். அதுலயும் மிஸ்டராம். மெக்கானிக்கல்னு பாத்ததும் கையி தானா மிஸ்டர் போட்டிருக்கும்.

எந்திரிச்சுப் போனேன். கதவுக்குப் பக்கத்துல ஹெச்ஆர் பொண்ணு மேசை. சுடலைமுத்து நான்தான் மேம்னேன். அவ டேப்பப் பாத்தா, என்னையப் பாத்தா. நெசமாவே பதறிட்டா, அதையும் சொல்லணும். சாரிப்பா, டேப்ல கடைசிப் பேரும் மெக்கானிக்கல்னும் மட்டும்தான் இருந்துச்சு, இங்கிலீஷ்ல அந்தப் பேரு சரியாப் படிக்கவும் வரல, நான் பையன்னு நினைச்சுட்டேன்னா. மூணு தரம் கூப்பிட்டுட்டு ஆப்சென்ட் போட்டாளாம், போட்டதும் சிஸ்டம் பூட்டிக்கிடுமாம், அவளால தொறக்க முடியாதாம். உள்ள இன்னும் நாலஞ்சு பேரு பாக்கி இருக்காங்க மேம், கடைசியில என்னைய விடுங்க மேம்னேன். பேனல் லிஸ்ட்ல பேரு போயிருச்சுப்பா, அடுத்த வருஷம் கண்டிப்பா அப்ளை பண்ணுங்கன்னா. அடுத்த வருஷம். அடுத்த வருஷம் எனக்கு இல்ல மேம், நான் போன வருஷத்து ஆளு, நீங்களே போட்ட விதிதான, அத எடுத்துப் படிங்க. பேரத் தப்பாப் படிச்சது நீங்க, ஆம்பளையாக்குனது நீங்க, வரலன்னு எழுதுனது நீங்க, தண்டனை எனக்கா. இதெல்லாம் சொன்னேனா? சொல்லல. வாயில இருந்து வந்தது என்ன தெரியுமா, ஓகே மேம், தேங்க்யூ மேம். தேங்க்யூவாம். எதுக்குட்டி தேங்க்யூ சொன்ன. செருப்பால அடிச்சாலும் தேங்க்யூ சொல்லுவியாட்டி. படிக்க வச்சது இதுக்குத்தானா, மரியாதையா தோத்துட்டு வாரதுக்கா. பைய எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். சுவத்துல இருக்கவ இன்னும் சிரிக்கா.

கேட்டுக்கு வெளிய வெயிலு மூஞ்சியில அடிக்குது. கன்டெய்னர் லாரி வரிசையா நிக்குது, டிரைவருக நெழல்ல உக்காந்து சீட்டாடுதாங்க. பஸ் ஸ்டாப்புல நிழலே கெடையாது. திங்கக்கிழமை சேலை கட்டணும். போர்டுல விசைன்னு எழுதி, விசை சமம் நிறை இன்டூ முடுக்கம்னு எழுதிப் போடணும். அழக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கும்போது போன் டிங்குங்குது. கம்பெனி மெயில். அன்புள்ள திரு சுடலைமுத்து அவர்களுக்கு, இன்றைய நேர்காணலில் தங்களைச் சந்திக்க இயலாமல் போனதற்கு வருந்துகிறோம், தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். வருந்துதாங்களாம். அழுகை எங்கயோ போயிருச்சு, சிரிப்பா கோவமான்னு தெரியாத ஒண்ணு வந்துச்சு. அப்பாவுக்குப் போனப் போட்டேன். அவரு உப்பு லோடு ஏத்த வண்டிய விட்டுட்டு நிக்காரு போல, பின்னால ஆளுக சத்தம். யப்பா, ஒங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்குன்னேன். எனக்கா, எனக்கு யாரு தாயி மெயில் போடுதான்னு கேட்டாரு. படிச்சுக் காட்டுனேன். பெறகு நடந்ததையும் சொன்னேன், ஜப்பான்காரன்னு நான் நெனச்சது வரைக்கும். அப்பா சிரிப்பாருன்னு நெனச்சேன். சிரிக்கல.

"திருன்னா போட்டிருக்கான்?"

ஆமாப்பான்னேன். லாரி ஆபீஸ்ல அவர முழுப் பேரு சொல்லி ஒருத்தனும் கூப்பிட்டதில்ல. ஏ சுடலைதான், இல்லன்னா வண்டி நம்பரு. அதுக்குத்தான் கேக்காருன்னு நெனச்சேன். ஆனா அவரு கொரலு வேற மாதிரி வந்துச்சு, ரோட்டுல எவனாச்சும் குறுக்க வந்தா வருமே, அந்தக் கொரலு. அவனா பேரக் கெடுப்பான், அவனா கூப்பிடுவான், அவனா வரலன்னு எழுதுவான், பெறகு அவனே வருத்தமும் படுவானான்னு கேட்டாரு. என்கிட்டக் கேக்காரா அவன்கிட்டக் கேக்காரான்னு தெரியல. எங்கம்மைகிட்டச் சொல்லி அந்த ஸ்கூல்காரிக்குப் பதில் சொல்லச் சொல்லட்டுமாப்பான்னு கேட்டேன். அத அவரு காதுலயே வாங்கல.

"உள்ள இன்னும் ஆளு பாக்கி இருக்காவளா?"

இருப்பாங்கப்பா, நாலஞ்சு பேரு.

"அப்ப என்னத்துக்கு ரோட்டுல நிக்க. திரும்பிப் போ. சுடலைமுத்து வந்தாச்சுன்னு சொல்லு."

வச்சுட்டாரு. லோடுக்காரன் கூப்பிட்டிருப்பான். பஸ் வருது, தூரத்துல தாம்பரம் போர்டு தெரியுது. கைய நீட்டணும், நீட்டல. பஸ்ஸு நின்னு, டிரைவரு என்னையப் பாத்து, ஏறலன்னதும் வஞ்சுக்கிட்டே போறாரு. திட்டட்டும். திரும்பி நடக்கேன். அந்தப் பொண்ணு மறுபடி சிஸ்டம் பூட்டியிருக்கும்பா. பூட்டுனவனக் கூப்பிடுங்கன்னு சொல்லுவேன். மேல இருக்கவன் யாரோ அவனக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் அந்த நீல நாற்காலியில இருக்கேன், ராத்திரி வரைக்கும்னாலும் இருக்கேன், தேங்க்யூ மட்டும் சொல்ல மாட்டேன். கேட்டுல செக்யூரிட்டி அண்ணாச்சி நோட்டப் பிரிக்காரு, காலையில வந்தப்ப எழுதுனது அவருக்கு மறந்து போயிருக்கும். பேரு என்னம்மான்னு கேக்காரு.

"சுடலைமுத்து."

பேனா நிக்குது. என் மூஞ்சியப் பாக்காரு, துப்பட்டாவப் பாக்காரு, யாரும்மா சுடலைமுத்துன்னு கேக்காரு.

"நான்தான் அண்ணாச்சி. உள்ள மூணு தரம் கூப்பிட்டாங்களாம். வந்தாச்சுன்னு சொல்லுங்க."